கப்தேஷின் வலது இடுப்பு

உல்மெக்கென் முப்பத்திரண்டு வருடமாக மனிதச் சதையை மெழுகில் புதைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். கரிச் சுரங்க நகரமான கரகண்டாவின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், சலவைக்கூடத்தை ஒட்டிய பின்கட்டில் இருந்தது அந்தத் திசுப் பரிசோதனைக் கூடம். அறுவை அறையிலிருந்து புட்டியில் மிதந்தபடி வரும் துண்டை அவள் கையில் வாங்குவாள். நீர் வற்ற வைத்து, மெழுகுக் கட்டியாக்கி, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்துவாள். பிறகு ஊதாவும் ரோஜா நிறமும் ஏற்றி டாக்டர் பாக்கின் மேசைக்கு அனுப்புவாள். என்ன நோய் என்று சொல்வது அவர் வேலை. ஆனால் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று அனுப்பும் முன் அவளும் ஒருதரம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தாக வேண்டும். முப்பத்திரண்டு வருடம் அப்படிக் குனிந்த கண் சும்மா இருக்குமா? டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே பாதி விஷயம் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

அந்த ஊரில் அவள் மேசைக்கு அதிகம் வந்தது சுரங்கக்காரர்களின் நுரையீரல். அதனால் விழுங்கும் செல்களை அவளுக்கு அண்டை வீட்டுக்காரர்களைப் போலத் தெரியும். கிருமியோ தூசியோ உள்ளே வந்தால் முதலில் ஓடி வருகிறவை அவைதான். வந்ததை விழுங்கும், செரிக்கும். நிலக்கரித் தூசியை மட்டும் அவற்றால் செரிக்க முடியாது. வயிறு முட்டக் கறுப்போடு அங்கேயே கிடந்து சாகும். செத்ததும் தூசி மறுபடி வெளியே கொட்டும். அடுத்தது வந்து அதை விழுங்கும். ஒரு நுரையீரல் முழுக்க இதே கதையாக இருப்பதை அவள் எத்தனையோ தகட்டில் பார்த்திருக்கிறாள்.

அவள் புருஷன் கப்தேஷும் இருபத்தாறு வருடம் பூமிக்கடியில் கரி வெட்டியவர்தான். ஆனால் அவருக்கு முதலில் மக்கர் செய்தது நெஞ்சு இல்லை, இடுப்பு. இடது தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டம் நின்று உளுத்துவிட்டது. நாலாவது மாடி வீட்டுக்கு ஏற அரை மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று அந்தந்த வீட்டுக்காரர்களோடு ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் ஏறுவார். "வலிக்காக நிக்கல, வம்புக்காக நிக்கறேன்" என்று சொல்லிக்கொள்வார்.

செயற்கை மூட்டு வைக்க அரசாங்கக் கோட்டா உண்டு. வரிசையில் அவர் நாற்பத்தொன்றாவது ஆள். அதுவரை யாரிடமும் எதற்கும் போய் நிற்காத உல்மெக்கென், எலும்பு அறுவைப் பிரிவின் தலைவர் டாக்டர் கோர்ன் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், இருபத்தஞ்சு வருஷமா உங்க துண்டுங்கள சீவிக் குடுத்திருக்கேன். ஒரு நாளாவது லேட் பண்ணிருக்கேனா?"

கோர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு ஒண்ணு இல்லன்னு சொல்ல முடியுமா உல்மெக்கென்? புதுசா ஒரு மாடல் வந்திருக்கு. குண்டும் உலோகம், கிண்ணமும் உலோகம். நடுவுல பிளாஸ்டிக்கே கிடையாது. உன் புருஷன் தேய்வான், அது தேயாது."

அப்படியே வைத்தார்கள். ஆறாவது வாரம் கப்தேஷ் கோலை விட்டெறிந்தார். அடுத்த வருடம் மகள் ஷினாரின் கல்யாணத்தில், தோளைக் குலுக்கிக் குலுக்கி அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்தார்கள். "மாப்பிள்ளைய விட மாமனாருக்கு வயசு கம்மியா இருக்கும்போல" என்று யாரோ சொல்ல, அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு அவர் ஒரு வருடம் ஓட்டினார்.

அதனால் வலது பக்கமும் உளுக்க ஆரம்பித்தபோது இரண்டாவது யோசனையே இல்லை. உல்மெக்கென் மறுபடி கோர்னிடம் போனாள். அதே மாடல், அதே கை. இரண்டு இடுப்பும் பளபளவென்று ஆயின.

முதலாவதை வைத்து ஐந்தாவது வருடம் இடது அடிவயிற்று ஓரத்தில் ஒரு வீக்கம் வந்தது. எழுந்து நிற்கும்போது இடுப்பிலிருந்து கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம். கப்தேஷ் அதையும் விளையாட்டாக்கினார். "எண்ணெய் போடு கிழவி" என்பார். கிழவி என்றுதான் அவளை அவர் கூப்பிடுவது. அவளுக்கு அவர் கிழவர். கல்யாணமான வருடமே ஆரம்பித்த பழக்கம், அப்போது இரண்டு பேருக்கும் முப்பது கூட ஆகவில்லை. வீக்கம் முட்டையளவு ஆனதும் விளையாட்டு நின்றது. கோர்ன் மறுபடி பிளந்து பார்த்தார். அறுவை முடிந்து வெளியே வந்தவர் உல்மெக்கெனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மூட்டு ஆடிப்போச்சு. மாத்திட்டேன். சுத்தியிருந்த எலும்பு கொஞ்சம் கரைஞ்சிருக்கு. சதையில கொஞ்சம் கறுப்பு இருந்துது. புட்டில போட்டு அனுப்பிருக்கேன்."

மறுநாள் காலை புட்டி அவள் மேசைக்கு வந்தது. மேலே எண்ணும், பெயரின் முதலெழுத்தும். கூட வேலை செய்யும் லேனா ஓடி வந்து கை நீட்டினாள்.

"அக்கா, குடுங்க. இத நான் பண்றேன்."

"உன் சீவல் எப்பவும் தடிமனா வரும்" என்றாள் உல்மெக்கென்.

புட்டிக்குள் இருந்தது ஈரச் சாம்பலைப் பிசைந்து வைத்த மாதிரி இருந்தது. அதைக் கையில் எடுத்து, வழக்கம்போல எண்ணைச் சரிபார்த்தாள். பிறகு கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மறுநாள் சாயமேற்றிய தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள்.

தப்பான தகட்டை வைத்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாள். சுரங்கக்காரன் நுரையீரல் போலவே இருந்தது. அதே விழுங்கும் செல்கள், வயிறு முழுக்கக் கறுப்பு. ஆனால் இந்தக் கறுப்பு கரியைவிடப் பல மடங்கு பொடிசு. மூட்டின் குண்டும் கிண்ணமும் உரசி உரசி உதிர்த்த உலோகம். சில இடத்தில் பத்திருபது செல்கள் தங்கள் சுவரைக் கரைத்துக்கொண்டு ஒரே ராட்சச செல்லாகி, எதையோ சுற்றி வளைத்துக்கொண்டு கிடந்தன. ரத்தக் குழாய்களைச் சுற்றி இன்னொரு கூட்டம், ஊதா நிறத்தில், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நெருக்கியடித்து நின்றது. ஓரத்தில் ஒரு சிம்பு எலும்பு. அதன் விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது.

தகட்டைத் தானே எடுத்துக்கொண்டு டாக்டர் பாக்கின் அறைக்குப் போனாள். பாக், தலைமுறையாக அந்த ஊரில் வாழும் கொரியர்களில் ஒருவர். அதிகம் பேசாதவர், ஒல்லி, எப்போதும் ஆறிய டீ குடிப்பவர். வெகுநேரம் பார்த்தார்.

"யாருதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் தலையைத் தூக்காமலே. "நீ சீவியிருக்கக் கூடாது."

"எலும்ப எதுக்கு டாக்டர் அரிக்கணும்? தூசி இருக்கறது சதையிலதானே?"

"அந்த விழுங்கற செல்லுக்குத் தெரிஞ்சது ரெண்டே வேலை. வேத்தாளுன்னு பட்டா விழுங்கணும். முடியலன்னா கத்தி ஆள் கூப்பிடணும். அது கத்தற சத்தம் எலும்பைக் கரைக்கிற செல்லுக்கும் கேட்டுடுது. அது வந்து தன் வேலையப் பாக்குது."

"எப்ப நிறுத்தும்?"

"உலோகம் உதிர்றது நின்னா."

இடது பக்கம்தான் மாற்றியாகிவிட்டது. புது மூட்டில் கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் இருந்தது. பாக்கும் அவளும் அப்போது நினைத்தது வலது பக்கத்தை. அவள்தான் வாயைத் திறந்தாள்: "வலது பக்கம் வலிக்கவே இல்லங்கறாரு."

பாக் ஆறிய டீயை எடுத்துக் குடித்தார்.

வலதையும் மாற்றலாமா என்று கோர்னிடம் கேட்டபோது அவர் கையை விரித்தார். "வலிக்காத மூட்டை எந்தக் கிறுக்கன் பிளப்பான்? அடுத்த கோட்டாவுக்குக் காரணம் என்னன்னு எழுதுவேன்? பொண்டாட்டி மைக்ரோஸ்கோப்புல பாத்தாள்னா?"

அவள் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. உள்ளுக்குள் ஒரு மூலையில் அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. வலிக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்ள எவ்வளவு சுகமாக இருக்கிறது. அதுவுமில்லாமல், வரிசையில் நாற்பத்தொன்றாவதாக நின்றவரை இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தியது அவள்தானே. வரிசையிலேயே நின்றிருந்தால் அவருக்கு வேறு ஏதாவது பழைய மாடல் கிடைத்திருக்கும். இதைப் புருஷனிடம் எந்த வாயால் சொல்வது?

வீட்டில் கப்தேஷ் இடது காலைத் திட்டி வலது காலைப் புகழ்ந்துகொண்டிருந்தார். இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. "இவன் துரோகி. பாரு, இவன்தான் விசுவாசி. ஒரு நாள் லீவு கேட்டானா?" என்று வலது தொடையைத் தட்டுவார். உல்மெக்கென் சாயங்காலங்களில் செம்மறிக் கொழுப்பைச் சூடாக்கி அவர் காலுக்குத் தேய்த்துவிடுவாள். முதலில் இடது, பிறகு வலது. வலது பக்கம் அவள் கை அதிக நேரம் நின்றது.

"வலிக்கற கால் அது இல்ல கிழவி."

"தெரியும். சும்மா."

அந்தக் குளிர்காலத்தில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு கிளாரா சுவரைத் தட்டினாள். சுரங்கத்தில் வெடிச் சத்தம் கேட்ட காது, வயதானால் போகத்தான் போகும் என்றார்கள் எல்லோரும். பிறகு பார்வை மங்கியது. சுவர் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றார். பிறகு மூச்சு வாங்கியது. முதல் மாடியிலேயே நின்று வம்பு பேச ஆரம்பித்தவர், அப்புறம் வம்பு பேசவும் மூச்சில்லாமல் படியில் உட்கார்ந்தார். சுரங்கத்து நெஞ்சு என்றார்கள். அதையும் உல்மெக்கென் நம்பினாள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. அந்த ஊரில் அவர் வயதுக்காரர்கள் பாதிப்பேருக்கு மூச்சு வாங்கத்தான் செய்தது.

ஏப்ரலில் ஒருநாள் பாக் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கையில் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றின் அச்செடுத்த தாள்கள்.

"கப்தேஷுக்குக் காது எப்படி?"

"டமாரச் செவிடு."

"கண்ணு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உலோகம் மூட்டோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலக்கிறது, காதையும் கண்ணையும் இதயத்தையும் பிடிக்கிறது என்று பாக் தாளில் விரல் வைத்துச் சொன்னார். கப்தேஷின் ரத்தத்தை அல்மாத்தி நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பதினெட்டு நாள் கழித்து வந்த தாளில், மூட்டு உலோகத்தில் இருக்கும் கோபால்ட்டின் அளவைப் பார்த்து, தசமப் புள்ளி இடம் மாறி விழுந்துவிட்டதோ என்று பாக் போன் போட்டுக் கேட்டார். புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது.

இப்போது கோர்ன் மூட்டை எடுக்கத் தயாராக இருந்தார். இதய டாக்டர் அம்மா சம்மதிக்கவில்லை. ஸ்கேனில் இதயம் பழைய பை மாதிரி தொங்கிப்போயிருந்தது. சுற்றிலும் நீர்.

"மயக்க மருந்து குடுத்தா மேசையிலயே போயிடுவாரு. இதயம் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் எடுக்கலாம்."

"அத எடுத்தாத்தானேங்க இதயம் தேறும்?" என்றாள் உல்மெக்கென்.

அந்த அம்மா நல்லவள். மேசை மேலிருந்த பேனாவை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைத்தாள். "எனக்கும் புரியுது அக்கா" என்றாள்.

வீட்டுக்கு டிராலிபஸ்ஸில் வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கப்தேஷ் சமையலறை ஜன்னலோரம் பால் டீயோடு உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து, மெதுவாக, பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஆரம்பித்தாள்.

"கிழவரே, உங்க வலது இடுப்பும் கெட்டுப்போச்சு."

"அடுப்பா? போன வருஷந்தானே மாத்தினோம்?"

"அடுப்பு இல்ல. இடுப்பு."

"என்ன?"

"இடுப்பு! வலது இடுப்பு!"

"அதுக்கென்ன, அவன் நல்லாத்தானே இருக்கான்?"

"நல்லா இல்ல! எனக்கு ஒண்ணேகால் வருஷமாத் தெரியும்! அதுலேர்ந்து உதிர்ற உலோகந்தான் உங்க காதைத் தின்னுது, இதயத்தைத் தின்னுது! எடுக்கவும் முடியாதாம்! நான்தான் கோர்ன்கிட்டப் போய் நின்னு கெஞ்சி வாங்கினேன்! நான்தான்! கேக்குதா உங்களுக்கு?"

ஒண்ணேகால் வருடம் தொண்டைக்குள் வைத்திருந்ததை, கட்டடமே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்லி முடித்ததும் அடுத்த வீட்டு டிவி நின்றது. யாரோ படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கப்தேஷ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டதா, பாதி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாரா தெரியாது.

"அதான் நல்ல காலுக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு விட்டியா?" என்றார்.

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கதவு தட்டப்பட்டது. கிளாரா நின்றிருந்தாள், கையில் மூடிபோட்ட தட்டோடு, கண் சிவந்து. "மாவுருண்டை சுட்டேன்... சும்மா கொண்டாந்தேன்" என்று சொல்லித் தட்டைக் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். தட்டில் முந்தாநாள் சுட்ட மாவுருண்டைகள், கல்லு மாதிரி இருந்தன. கப்தேஷ் ஒன்றை எடுத்து டீயில் நனைத்தார்.

"எனக்கு அதக் காட்டு" என்றார்.

"எத?"

"என் கால்ல இருக்கறத. மைக்ரோஸ்கோப்புல தெரியும்ல? இத்தன வருஷத்துல ஒரு நாளாவது உன் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியா?"

ஷினாரின் புருஷன் தலைநகர் அஸ்தானாவிலிருந்து வந்தபோது, கப்தேஷை நாற்காலியோடு தூக்கி இறக்கிக் காரில் கொண்டுபோய் விட்டான். பரிசோதனைக்கூடத்தில் கப்தேஷ் தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் கை கொடுத்தார், அலமாரித் தூசி தட்ட வந்த பெண்ணுக்குக் கூட. உல்மெக்கென் இடது இடுப்புத் தகட்டை வைத்துத் திருகிக் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.

"ஷிஃப்ட் முடிஞ்சு சுரங்கக் கூண்டுல மேல வர்றப்ப எங்க மூஞ்சி இப்படித்தான் இருக்கும்" என்றார். "யாரு யாருன்னே தெரியாது. இந்தப் பெரியவன் யாரு?"

அவள் காதில் வாய் வைத்துக் கத்தினாள். "ஒருத்தனால விழுங்க முடியலன்னு பத்துப் பேர் சேந்து ஒரே ஆளா ஆயிட்டானுங்க!"

"சேந்தும் முடியலையா?"

"முடியல!"

"அப்ப விட்டுட்டுப் போக வேண்டியதுதானே. யார் புடிச்சு வச்சிருக்கா?"

"விடத் தெரியாது அதுங்களுக்கு!"

லேனா முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவின தகடுகளையே மறுபடி கழுவினாள். கப்தேஷ் நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார். அவர் அழுகிறாரா, மங்கிய கண் வலிக்கிறதா என்று உல்மெக்கெனுக்குத் தெரியவில்லை. கதவருகில் நின்ற பாக்கைப் பார்த்து, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னார்:

"டாக்டர், நான் போனப்புறம் வலதையும் வெட்டிப் பாருங்க. இதயத்தையும். இதே மூட்டு இன்னும் எத்தன பேருக்கு வச்சிருக்காங்களோ. எழுதி வச்சுக்கோங்க, நானே சொன்னேன்னு."

பாக் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு கோடை முழுக்கத் தேறும், தேறினால் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். கால் வீங்கியது, வடிந்தது, மறுபடி வீங்கியது. ரத்தத்திலிருந்து உலோகத்தை இழுக்க ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு பாதியாகி, பத்தே நாளில் பழைய இடத்துக்கு வந்தது. இழுக்க இழுக்க அங்கே உதிர்ந்துகொண்டே இருந்தது. வலது மூட்டு கடைசிவரை வலிக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு மதியம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், சூப் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. உல்மெக்கென் அப்போது பின்கட்டில் வேலையில் இருந்தாள். லேனா ஓடிவந்து கதவில் நின்ற விதத்திலேயே புரிந்துகொண்டாள்.

சொந்த ஊரான கர்கராலியிலிருந்து கப்தேஷின் அண்ணன் ஒராஸ்பெக் வந்து சேர்ந்தார். எழுபத்தைந்து வயது, இன்னும் குதிரையேறுகிற ஆள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உல்மெக்கென் அவர் முன் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"வெட்டறதா?" என்றார் அவர். "என் தம்பிய முழுசா மண்ணுல வைக்கணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள."

"அவரே சொன்னாரு மூத்தவரே. டாக்டர்கிட்ட எழுத்தே இருக்கு."

"காது கேக்காதவன், நெஞ்சுல மூச்சில்லாதவன். அவன் சொன்னதெல்லாம் ஒரு சொல்லா? நீ உன் வேலைய வீட்டுக்குக் கொண்டாந்துட்டம்மா. அதுதான் வினை."

அவரோடு மல்லுக்கு நின்றிருப்பாள். புருஷனுக்காக அந்த ஒரு தரமாவது நின்றிருப்பாள். ஆனால் ஷினார் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது குரலே இல்லை அவளுக்கு.

"போதும்மா. வாழ்நாள் பூரா வெட்டிக்கிட்டே இருந்தீங்க. அப்பாவ விட்டுடுங்க."

பிணக்கூறாய்வு வேண்டாம் என்று எழுதித் தரும் தாளில் உல்மெக்கென் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளை எத்தனையோ குடும்பங்களிடம் நீட்டியவள் அவள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரும் அவளுக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பாக் தாளை வாங்கிக்கொண்டார். மறுநாள் உறைந்த மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்து கப்தேஷைப் புதைத்தார்கள், வலது இடுப்பில் உலோகத்தோடு.

நாற்பதாம் நாள் விருந்து முடிந்த பிறகு உல்மெக்கென் வேலைக்குத் திரும்பினாள். அறுவைப் பிரிவின் பழைய பதிவேட்டை நர்ஸம்மாளிடம் கேட்டு வாங்கி, அதே மாடல் வைத்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதினாள். பதினான்கு பேர். கோர்னிடம் காட்டினாள்.

"மேலேர்ந்து கடிதம் வரணும் உல்மெக்கென்" என்றார் அவர். இந்த இரண்டு வருடத்தில் அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. "நானா கூப்பிட்டா, நான் தப்பு பண்ணினேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

கடிதம் வரவில்லை. அந்த மாடல் மட்டும் சத்தமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றது. அவளே மதிய இடைவேளைகளில் போன் போட்டாள். மூன்று எண்கள் உயிரோடு இல்லை. இரண்டு ஆட்களும் உயிரோடு இல்லை. மிச்சம் ஒன்பது பேர். தான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன், என்ன ரத்தப் பரிசோதனை என்று ஒன்பது பேரிடமும் பொறுமையாகச் சொன்னாள்.

"எனக்கு வலிக்கவே இல்லையே அக்கா" என்றாள் ரைஸா என்கிற பெண், சுரங்கத்தில் லிப்ட் ஓட்டியவள். "நேத்துதான் உருளைக்கிழங்கு நட்டேன், நாள் பூரா குனிஞ்சு நிமிந்து. வலிக்காத காலைக் கொண்டுபோய்க் கத்திக்கு நீட்டச் சொல்றீங்களா?"

"காது கேக்குதாம்மா உனக்கு? கண்ணு தெரியுதா?"

"நீங்க யாரு, டாக்டரா?"

"இல்ல. தகடு சீவறவ."

ரைஸா சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். மற்றவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். ஒருவர் அவளை மருந்து விற்கிறவள் என்று நினைத்துத் திட்டினார்.

இரண்டே பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஒருவருக்கு அளவு சுமார். மற்றவர் நெஃபியோடொவ் என்கிற கிரேன் ஓட்டி. அவருக்கு அளவு எகிறியிருந்தது. இதயம் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. கப்தேஷுக்குக் கிடைக்காத நேரம் இந்த மனிதருக்குக் கிடைத்திருக்கிறது என்று உல்மெக்கென் நினைத்தாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சாயங்காலம் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்டாள். கோர்ன் அந்த அளவையே காரணமாக எழுதி மூட்டை மாற்றினார். மூன்றாவது வாரம் புண் சீழ் பிடித்தது. கறுத்த சதையைச் சுரண்டியெடுத்ததில் பிடிமானம் இல்லாமல் போயிருந்தது, புது மூட்டின் மேல் கிருமி ஒட்டிக்கொண்டது. செல்கள் பழையபடி ஓடி வந்தன. அவற்றால் உலோகத்தின் மேல் படிந்த கிருமியை வழித்தெடுக்க முடியவில்லை. இரண்டு தடவை கழுவிப் பார்த்துவிட்டு, கடைசியில் மூட்டையே எடுத்துவிட்டு அப்படியே மூடினார்கள். அந்தத் துண்டுகளையும் உல்மெக்கென்தான் சீவினாள். நெஃபியோடொவ் இப்போது மூட்டே இல்லாத காலோடு, இரண்டு ஊன்றுகட்டையில், வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார்.

உல்மெக்கென் ஓய்வுபெற்றுவிட்டாள். நெஃபியோடொவ் மாதத்துக்கு ஒரு தடவையாவது அவளுக்குப் போன் செய்வார், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம், கொஞ்சம் குடித்துவிட்டு.

"நல்லாத்தான நடந்துட்டிருந்தேன்?" என்பார். "உன்ன யாரு கூப்பிடச் சொன்னா? சொல்லு, யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல" என்பாள்.

பிறகு அவர் திட்டுவார். அவள் போனைக் காதில் வைத்தபடி நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்காருவாள். நடுவில் ஒருதடவைகூட வைத்ததில்லை. திட்டி ஓய்ந்து, மூச்சு வாங்கி, "சரி" என்று அவராகவே வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.